ஒரு இஞ்ச் கழிச்சாச்சா?

"கர்ட்டன் கடை வாசல்ல 'திரை போடாதே'ன்னு எழுதி வெச்சிருக்கியே, இந்தக் கடையை நடத்தவா, மூடவா?"

அத்தை கேட்டதில் தப்பே இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில், அன்றைய வரி பச்சை மையில் பளிச்சென்று இருந்தது. 'உண்மை ஒரு ஜன்னல். அதற்குத் திரை போடாதே.'

"அத்தை, அதுக்கு வேற அர்த்தம்."

"உனக்கு வேற அர்த்தம். தெருவுல போறவனுக்கு ஒரே அர்த்தம்தான். கடைக்காரங்களே வேணாங்கறாங்க, நமக்கெதுக்குன்னு வெறும் ஜன்னலோட இருந்துடுவான்."

"படிச்சுப் பார்த்தா அவன் மனசு மாறும்."

"மாறத்தான் மாறும். அதான் எனக்கு பயம்."

அண்ணன் மகளான இந்த மருமகளுக்கு வீட்டில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்தான். ஆனால் தம்பி வைத்த பெயர்தான் நிலைத்தது: உபதேசம். காலையில் பால் காய்வதற்கு முன்பே குடும்ப குரூப்பில் ஒரு நல்வரி வந்து விழும். கடன் வாங்கிய சரக்கு கிடையாது, எல்லாம் சொந்தத் தயாரிப்பு. படிப்பை முடித்துவிட்டு அத்தையின் திரைச்சீலைக் கடைக்கு வேலைக்கு வந்தபிறகு, கண்ணில் பட்டதையெல்லாம் பிழிந்து ஒரு சொட்டாவது நீதி எடுக்காமல் அவள் விட்டதில்லை. தையல் மெஷினில் நூல் தீர்ந்தால், 'உள்ளவரை ஓடு, தீர்ந்தபின் நில்' என்பாள். "நின்னா நூலை யாரு மாத்தறது, உங்கப்பனா?" என்பாள் அத்தை.

கடையில் இன்னும் ஒருவர் உண்டு. தையற்காரர். துணியின் ஓரம் பிரியாமல் அடைத்துத் தைக்கிற மெஷினுக்கு ஓவர்லாக் என்று பெயர். அவர் வாய்க்கும் யாரோ அந்தத் தையலைப் போட்டு அனுப்பிவிட்டார்கள் போல. காலையில் ஒரு "வரேன் அக்கா", சாயங்காலம் ஒரு "போறேன் அக்கா", நடுவில் மெஷின்தான் பேசும். அதனால் அவருக்கும் ஓவர்லாக் என்றே பெயராகிவிட்டது.

அந்த ஓவர்லாக் கொஞ்ச நாளாகத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அவள் அம்மா வீட்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மகளை இதுவரை போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். லைப்ரரி வேலை முடிந்த அன்றைக்கே சாயங்கால பஸ்ஸில் போய் நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. அத்தையும் லீவு கொடுத்துவிட்டாள். லைப்ரரிக்கு வெட்டின துணியில் மிஞ்சியதை வைத்து, குட்டியாக ஒரு கவுன் தைத்து மெஷினுக்கு மேலேயே தொங்கவிட்டிருந்தார்.

"ஏண்டா, பொறந்த குழந்தைக்கு முதல் கவுனே கர்ட்டன் துணியா?" என்று அத்தை கேட்டதற்கு, "வெயில் படாது அக்கா" என்றார். அந்த வாரத்திலேயே அவர் பேசின நீளமான வாக்கியம் அதுதான்.

லைப்ரரி வேலை என்றால், தெருக்கோடியில் புதிதாகக் கட்டின வாசிப்புக் கூடம். ஆள் உயரத்தைத் தாண்டின எட்டு ஜன்னல்கள், தரைவரை திரைச்சீலை. கடைக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. அளவு எடுக்க அத்தை முதன்முறையாக உபதேசத்தைத் தனியாக அனுப்பினாள்.

"இதை ஒழுங்கா முடிச்சிட்டேன்னு வை, இனிமே வெளி அளவு எல்லாம் உன் பொறுப்பு. நான் ஏணி ஏறினது போதும்."

அது போதாதா? அன்றைக்கே குரூப்பில் போட்டுவிட்டாள், 'பொறுப்பு என்பது தோளுக்குச் சுமையல்ல, சிறகு' என்று. அம்மா ஒரு பூ ஸ்டிக்கர் போட்டாள். மற்றவர்கள் வழக்கம்போல.

இங்கே அத்தையின் டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இழுத்தால் வருகிற இரும்பு டேப். எந்தக் காலத்திலோ கதவிடுக்கில் சிக்கி, முனைக் கொக்கியும் முதல் இஞ்ச்சும் ஒடிந்து போயின. இழுத்தால் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். ஆகவே என்ன அளவு காட்டினாலும் அதில் ஒரு இஞ்ச் கழித்துக்கொள்ள வேண்டும். புதிது வாங்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால், "ஒரு பல்லு விழுந்துட்டா ஆளையே மாத்திடுவோமா? மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்பாள் அத்தை. கடையில் யார் டேப்பை இழுத்தாலும் எந்த மூலையிலிருந்தாவது அத்தையின் குரல் வரும்: "கழிச்சாச்சா?" இழுத்தவர் பதில் சொல்வார்: "கழிச்சாச்சு!" வாசலில் நின்று கேட்கிறவர்களுக்கு ஏதோ தொழிற்சங்கக் கோஷம் மாதிரி இருக்கும்.

பல்லுப் போன டேப்போடு புது லைப்ரரிக்குப் போவதா? உபதேசத்துக்கு மனசு வரவில்லை. போகிற வழியில் மஞ்சள் நிறத்தில் ஒரு புது டேப் வாங்கிக்கொண்டாள். அத்தைக்குத் தெரிந்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக் கொள்வாள் என்று கைப்பையின் அடியில் போட்டு மறைத்தும் வைத்தாள். வீட்டில் தம்பியிடம் மட்டும் இழுத்து இழுத்துக் காட்டினாள்.

லைப்ரரியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாக அளந்து போனில் சொல்லச் சொல்ல, ஓவர்லாக் வெட்டு மேஜையில் சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். பின்னாலிருந்து அத்தை, "கழிச்சாச்சான்னு கேளு!" என்று கத்தினாள். ஓவர்லாக் போனில், "கழிச்சாச்சா?" என்றார். "கழிச்சாச்சு, கழிச்சாச்சு" என்றாள் உபதேசம், எட்டு ஜன்னலுக்கும்.

துணி வெட்டியாயிற்று. சாக்கட்டி அழித்தாயிற்று. தைத்தாயிற்று. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், 'உண்மை ஒரு ஜன்னல்' என்று பலகையில் எழுதின அந்தக் காலையில், மூவருமாக மாட்டப் போனார்கள்.

முதல் ஜன்னலில் மாட்டி, கம்பியில் இழுத்துவிட்டு, மூவரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்கள். துணி அழகாகத்தான் விழுந்தது. ஆனால் தரைக்கும் துணிக்கும் நடுவில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, வெயில் கோடு போட்டிருந்தது.

"என்ன இது, வளர்ற பையன் பேன்ட் மாதிரி நிக்குது?" என்றாள் அத்தை.

இரண்டாவது ஜன்னலும் அப்படியே. எட்டும் அப்படியே. எட்டுப் பையன்கள், ஒரே சமயத்தில் வளர்ந்துவிட்டவர்கள், வரிசையாகக் கணுக்கால் தெரிய நின்றார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நூலகத்தம்மா மெதுவாகத்தான் கேட்டார். "துவைச்சா இன்னும் சுருங்குமா, இல்ல கொஞ்சம் நீளுமா?"

"கம்பியை ஒரு இஞ்ச் இறக்கிப் போட்டா?" என்றாள் உபதேசம்.

"கீழே மூடினா மேலே திறந்துக்கும். ஜன்னல் விளிம்புக்கு ஒட்டித்தானே கம்பி அடிச்சிருக்கு!" அத்தை குனிந்து தன் பல்லுப் போன டேப்பால் இடைவெளியை அளந்தாள். "ரெண்டு காட்டுது. கழிச்சா ஒண்ணு. சரியா ஒரு இஞ்ச்." நிமிர்ந்து ஓவர்லாக்கைப் பார்த்தாள். "வெட்டும்போது உன் நினைப்பு எங்கேடா இருந்துச்சு?"

சரியா ஒரு இஞ்ச். அந்த வார்த்தை உபதேசத்தின் காதில் விழுந்தது. கைப்பைக்குள் கை தானாகப் போனது. மஞ்சள் டேப். புத்தம் புதியது. கொக்கியோடு, முதல் இஞ்ச்சோடு, ஒரு குறையும் இல்லாத டேப். அதில் எதற்குக் கழிக்க வேண்டும்? ஆனால் கழித்தாளே! எட்டு ஜன்னலுக்கும், அத்தை கேட்கக் கேட்க, பெருமையாகக் கழித்தாளே!

சொல்லிவிட்டாளா? எங்கே சொன்னாள்! வாய் திறந்தது. அதற்குள் ஓவர்லாக் பேசிவிட்டார். பேசாத மனிதர் பேசின நேரத்தைப் பாருங்கள்.

"என் கைதான் அக்கா. எங்கேயோ தப்பிடுச்சு."

"எங்கேயோவா? உன் மனசு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துச்சு. அந்த குட்டிக் கவுனை நினைச்சுக்கிட்டே வெட்டினா இப்படித்தான்." அத்தைக்கு நூலகத்தம்மா முன்னால் அவமானம். அது கோபமாக வெளியே வந்தது. "லீவை மறந்துடு. இதை இறக்கிக் குடுத்துட்டு அப்புறம் பஸ் ஏறு."

ஓவர்லாக் தலையை ஆட்டினார். "மடிப்பு நிறைய விட்டிருக்கேன் அக்கா. பிரிச்சு ஒரு இஞ்ச் இறக்கிடலாம்." அவ்வளவுதான். அந்தத் தையல் மறுபடியும் மூடிக்கொண்டது.

திறந்த வாயை உபதேசம் மூடிக்கொண்டாள். உண்மை ஒரு ஜன்னல் என்று காலையில் எழுதினவள்தான்.

கடைக்குத் திரும்பியதும் அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! யாரும் சொல்லாமலே தரையில் உட்கார்ந்து, திரைச்சீலைகளை மடியில் போட்டுக்கொண்டு, அடிமடிப்பின் தையலை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தண்ணீர் குடிக்கவில்லை, போனைத் தொடவில்லை. வேகமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் ஓவர்லாக் வேகமாகத் தைத்துவிடுவார், பஸ்ஸையும் பிடித்துவிடுவார், அப்புறம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு பக்கம். மதியமாகியும் இரண்டாவது ஜன்னலைத் தாண்டவில்லை.

"போய்ச் சாப்பிட்டு வா. விரலைப் பாரு, சல்லடையாட்டம்" என்று அத்தை விரட்டினாள். அதோடு விட்டாளா? "பார்த்தியாடா, அவ தப்பே இல்ல, ஆனா எப்படி உழைக்கிறா!" என்று ஓவர்லாக்கிடம் வேறு சொன்னாள். ஊசி குத்தினதைவிட அதுதான் அதிகம் குத்தியது.

வீடு அடுத்த தெருதான். தம்பி தட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"டேய், எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கா."

"இருக்கட்டுமே."

"அவ வேலையில ஒரு சின்னத் தப்புப் பண்ணிட்டா. வேற ஒருத்தர் அதைத் தன் தப்புன்னு சொல்லிட்டார். அவ ஒண்ணும் சொல்லல. ஆனா ரொம்ப உதவி பண்றா."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "உன் ஃப்ரெண்டுகிட்ட மஞ்சள் கலர்ல டேப் ஏதாவது இருக்கா?"

உபதேசம் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"கழிச்சிட்டியா?"

"எட்டுக்கும்."

அவன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இதைத்தான் குரூப்புல போடணும். இத்தனை நாள் போட்டதுல இதுதான் சூப்பர்."

"சிரிக்காதே. அவர் இன்னிக்கு ஊருக்குப் போகணும். குழந்தையைப் பார்க்கணும். நான் சொன்னா வெளி அளவு எனக்குக் கிடையாது. அத்தை மூஞ்சியில எப்படி முழிக்கறது? இன்னிக்குக் காலையிலதானே உண்மை ஒரு ஜன்னல்னு..."

"அப்படியா போட்டே? நான் படிக்கல."

"படிக்கலையா?"

"நான் எதையுமே படிச்சதில்லக்கா. அப்பாவும் படிக்கறதில்ல. அம்மா மட்டும்தான். அவங்களும் பூவை முதல்ல போட்டுட்டு, நேரமிருந்தாப் படிப்பாங்க." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அதனால அதை நினைச்சுப் பயப்படாதே. நீ எழுதினதுக்கு யாரும் உன்னைப் பிடிக்க மாட்டாங்க. மோர் வேணுமா?"

அவளுக்கு மோர் இறங்கவில்லை.

திரும்பிப் போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். பழக்கதோஷம், ஒத்திகையில் வந்ததெல்லாம் பலகையில் எழுதுகிற மாதிரியேதான் வந்தது. ஓவர்லாக்கின் பை மெஷினுக்குக் கீழே தயாராக இருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்கிற மாதிரி அவர் ஒருமுறை பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். குட்டிக் கவுன் காற்றில் ஆடியது.

"அத்தை, மனுஷன்னா தவறும்போதுதான்..."

"போர்டுல எழுது. கைக்கு ஊசி காத்திருக்கு."

"இல்ல அத்தை, இது போர்டுக்கு இல்ல. ஒரு தப்பு நடந்தா, அதோட முகத்தை நேருக்கு நேர் பார்க்கற தைரியம்..."

"ஏண்டி, அவனே நொந்து போய் உக்காந்திருக்கான். அவன் தப்பை எத்தனை தடவை முகம் பார்ப்பான்? விடு."

இது சரிப்படாது என்று தெரிந்தது. அலங்காரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள். "அத்தை, தப்பு அண்ணனோடது இல்ல. என்னோடது."

மெஷின் நின்றது. அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, என்ன ஆச்சரியம், அவள் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தியாடா? உன்னை பஸ் ஏத்தி விடறதுக்காக பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறா. எங்கண்ணன் வளர்ப்புடா!"

"ஐயோ, அத்தை, அது இல்ல!"

"வேணாம் தங்கச்சி" என்றார் ஓவர்லாக். "நீங்க நல்ல மனசுக்காரங்க. எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

"நான் பொய் சொல்லல அண்ணே!"

அத்தை அதற்குள் போனில் அண்ணியைப் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணி, உங்க பொண்ணு தினமும் எழுதறதை நாம கிண்டல் பண்ணினோமே, அவ எழுதறபடியே நடக்கறா அண்ணி! இங்க தையல்காரன் பண்ணின தப்பை, நான்தான் பண்ணினேன்னு..."

"நான் எப்பவோ சொன்னேனே!" என்று அம்மாவின் குரல் பூரித்தது. "நான் தினமும் பூப் போடறேனே!"

வாழ்க்கையில் எத்தனையோ பேர் செய்யாத நல்லதுக்குப் பாராட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் செய்த தப்பை ஒப்புக்கொண்டதற்கு, செய்யவே இல்லை என்று பாராட்டு வாங்கியவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பேசாமல் இருந்துவிட்டால் போதும். அத்தை அந்தச் சந்தோஷத்திலேயே ஓவர்லாக்கையும் பஸ் ஏற்றிவிடுவாள், வெளி அளவையும் கொடுத்துவிடுவாள், பெயரும் கிடைத்துவிடும். ஓவர்லாக் மட்டும் ஊரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தப்பு விட்டோம் என்று கைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நான் நல்லவளே இல்ல!" என்று கத்தினாள் உபதேசம்.

போனுக்குள் அம்மாவும் கூட அடங்கிவிட்டாள்.

கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். சீப்பு, சாவி, பேனா, கடைசியில் மஞ்சள் டேப் உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது.

"இதாலதான் அளந்தேன். இது புதுசு. இதுல கழிக்கக் கூடாது. நான் கழிச்சிட்டேன். காலையில லைப்ரரியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம இருந்தேன்."

அத்தை டேப்பைக் கையில் எடுத்தாள். இழுத்துப் பார்த்தாள். முதல் இஞ்ச்சைக் கட்டைவிரலால் தடவினாள். "புதுசு வாங்கினியா? என் டேப்புக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அத்தை, இப்ப அதுவா பேச்சு?"

"நான் நம்பல. முழு டேப்பைக் கையில வெச்சுக்கிட்டு எவளாவது கழிப்பாளா? அவனைக் காப்பாத்தறதுக்கு டேப் வேற வாங்கிட்டு வந்திருக்கே." டேப்பை நீட்டினாள். "இந்தா, மேஜையை அளந்து சொல்லு. நீ சரியாத்தான் அளப்பே. எனக்குத் தெரியும்."

உபதேசம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேஜையின் ஒரு முனையில் கொக்கியை மாட்டி மறுமுனைக்கு ஓடினாள். அத்தை அடுக்கி வைத்த துணியைத் தட்டிக்கொண்டே, தன்னை அறியாமல் குரல் கொடுத்தாள். "கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு! எண்பத்தொன்பது!"

அத்தை துணியைத் தட்டுவதை நிறுத்தினாள்.

ஓவர்லாக்தான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, மேஜை தொண்ணூறு."

உபதேசம் டேப்பைப் பார்த்தாள். தொண்ணூறில்தான் நின்றுகொண்டிருந்தது. புத்திக்குத் தெரிந்தது நாக்குக்குத் தெரியவில்லை.

"என்ன ஆச்சு அங்க?" என்றாள் அம்மா போனில்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. அப்புறம் கூப்பிடறேன். அந்தப் பூவைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

அப்போது ஒரு விநோதமான சத்தம் கேட்டது. நூல் சிக்கின மெஷின் மாதிரி. பார்த்தால் ஓவர்லாக் சிரிக்கிறார்! அந்த வாயோரத் தையல் முழுசாகப் பிரிந்து, பல்லெல்லாம் தெரிய, மெஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அக்கா, நீங்க கேட்டீங்க, அவங்க கழிச்சிட்டாங்க... எட்டுக்கும்... நானும் போன்ல கேட்டேனே..."

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அல்லது வந்ததை விழுங்கிக்கொண்டாள். "நீ எதுக்குடா உன் கைன்னு சொன்னே? நிமிர்ந்து நின்னு, நான் சரியாத்தான் வெட்டினேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

ஓவர்லாக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேட்ட வேகத்துல எனக்கே அப்படித்தான் தோணுச்சு அக்கா."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. வெயிலடிக்கிறது என்கிற மாதிரி சொன்னார். அத்தை குனிந்து, மெஷினுக்குக் கீழே இருந்த பையை இழுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கிளம்பு. பஸ் போயிடப் போகுது."

"மடிப்பு அக்கா..."

"ஏன், எனக்குத் தைக்கத் தெரியாதா? இந்தக் கடையை நான் என்ன வாயாலயா ஆரம்பிச்சேன்?"

ஓவர்லாக் உபதேசத்தைப் பார்த்தார். உபதேசம் ஓவர்லாக்கைப் பார்த்தாள். "பாதி வாயாலதான்" என்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

"கேட்டுச்சு" என்றாள் அத்தை. கொக்கியிலிருந்து குட்டிக் கவுனை எடுத்தவள், அப்படியே கொடுக்கவில்லை. அலமாரியிலிருந்து நல்ல லேஸாக ஒரு முழம் வெட்டி, கவுனோடு சேர்த்து மடித்து அவர் பைக்குள் திணித்தாள். "கழுத்துக்கு வெச்சுத் தைச்சிருந்தா என்னடா? கடையில லேஸுக்கா பஞ்சம்?" மன்னிப்பு என்ற சொல் அந்தப் பேச்சில் எங்கேயும் இல்லை. ஓவர்லாக் அதைத் தேடினதாகவும் தெரியவில்லை.

"அண்ணே, காலையிலயே சொல்லியிருக்கணும்" என்றாள் உபதேசம்.

"ஆமா தங்கச்சி" என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ஆமா என்றுதான் சொன்னார். "போறேன் அக்கா."

அவர் போனபிறகு அத்தை போனை நீட்டினாள். "லைப்ரரிக்கு நீயே பேசு. யாரோட தப்புன்னு சொல்லிப் பேசு. அலங்காரம் வேணாம்."

நூலகத்தம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப எட்டும் ஒரே மாதிரிதான் குட்டையா? அதுவரைக்கும் சந்தோஷம். ஒண்ணு மட்டும் குட்டையா இருந்திருந்தா விழாவுல எல்லாரும் அதையேதான் பார்த்திருப்பாங்க. நாளைக்குள்ள மாட்டிடுவீங்கல்ல?"

"மாட்டிடுவோம் மேடம்."

"கழிக்காம?"

அதற்குள் செய்தி அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டதா! தம்பியின் ஃப்ரெண்டுகள் பாதிப் பேர் விழா ஏற்பாட்டுக்காக அந்த லைப்ரரியில்தான் கிடையாய்க் கிடக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அன்றைக்கு மீதிப் பொழுதும் மறுநாள் மதியம்வரையும், அத்தை மெஷினில், மருமகள் தரையில். இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் பழைய மடிப்புக் கோட்டை அழுத்தி அழுத்திப் போக்கினார்கள். உண்மையைச் சொன்னதும் மனசு பறவையாகும் என்று உபதேசம் எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தாள். அப்படி ஒன்றும் பறக்கவில்லை. மனசு லேசானது என்னவோ நிஜம்தான், ஆனால் முதுகு போய்விட்டது.

"அத்தை, வெளி அளவு..."

"கேக்கறதுக்கு உனக்கு வாய் இருக்கே, அதைப் பாராட்டணும்." அத்தை பல்லால் நூலைக் கடித்தாள். "அடுத்த ரெண்டு மூணு இடத்துக்கு என் கூட வா. நீ அள, நான் பார்க்கறேன். அப்புறம் பேசலாம்."

"இந்தத் தப்பு உங்க டேப்பாலயும்தான் வந்துச்சு அத்தை. கழிச்சு கழிச்சே பழகிப்போச்சு."

"என் டேப்பைச் சொல்லாதே." கொஞ்ச தூரம் தைத்தபிறகு, மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த மஞ்சளை ஆணியில மாட்டு. ரெண்டும் இருக்கட்டும்."

மறுநாள் மதியத்துக்கு மேல் எட்டுப் பையன்களும் ஒழுங்காகப் பேன்ட் போட்டுக்கொண்டு நின்றார்கள். வெயில் கோடு போன இடம் தெரியவில்லை. நூலகத்தம்மா குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து சிரித்தார்.

விழா நாள் காலையில் உபதேசம் கடைக்கு வந்தபோது வெள்ளைப் பலகை மாறியிருந்தது. அத்தை பாதியை அழித்துவிட்டு மீதியை வீணாக்காமல் எழுதியிருந்தாள்: 'ஜன்னல் அளவு எடுக்க வீட்டுக்கே வருவோம்.' கீழே போன் நம்பர். உள்ளே ஆணியில் இரண்டு டேப்பும் தொங்கின. பழையதன் கழுத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது, இதற்கு மட்டும் கழி என்பதற்கு அடையாளமாக.

குரூப்பில் அன்றைக்கு அவள் எதுவும் போட்டிருக்கவில்லை. இருந்தும் போன் கூவியது. ஓவர்லாக் அனுப்பியிருந்தார். படத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு சின்ன மூஞ்சி, அதற்குக் கீழே லைப்ரரி கர்ட்டன் துணியில் கவுன், கழுத்தில் அத்தையின் லேஸ். கவுன் பாதத்தைத் தாண்டி, குழந்தையைத் தேடிக்கொண்டு போகிற மாதிரி வழிந்து கிடந்தது. படத்தின் அடியில் எழுதியிருந்தார்:

'அளவு போன்ல கேட்டு வெட்டினேன் தங்கச்சி. நான் கழிக்க மறந்துட்டேன்.'

உபதேசம் நீளமாக ஏதோ எழுத ஆரம்பித்தாள். குழந்தை, வளர்ச்சி, துணி என்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பாதியில் நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்தாள்.

'இருக்கட்டும் அண்ணே, வளருவா' என்று அனுப்பினாள்.

"யாருடி போன்ல?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. "அந்த ரெண்டாவது டேபிளை அளந்து வைன்னு சொன்னேனே, எந்த டேப்பு எடுத்தே?"

"மஞ்சள்!"

"கழி..." அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, சரி. சொல்லு."